மூன்றடித் தண்ணீருக்கு இருநூற்று அறுபதடிக் கருவி

புதூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் மின்சாரம் ஓடும் எந்தப் பொருள் மக்கர் செய்தாலும் செல்வகணேஷைத்தான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் முடித்தவன். ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். மிக்ஸி சுற்றவில்லை, ரிமோட் வேலை செய்யவில்லை, கிணற்று மோட்டார் உறுமுகிறது, எல்லாம் அவன் பாடு. பொருளைக் கழற்றி, உள்ளே ஊதி, திரும்ப மாட்டுவான். ஓடினால் படிப்பின் பெருமை. ஓடாவிட்டால் "போர்டு போயிருச்சு" என்பான். நான்கு வருடப் படிப்பில் உறுதியாகக் கைகொடுத்தது இந்த ஒரு வாக்கியம்தானோ என்று அவனுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாகலாபுரம் பக்கம் கரிசல் காட்டை மறைத்துப் பேனல் நட்டிருக்கும் சோலார் நிலையம் ஒன்றில் டெக்னீஷியன் வேலை காலியாக இருந்தது. அதன் மேனேஜர் சதீஷ்குமார், கோவில்பட்டியில் பம்புசெட் கடை வைத்திருக்கும் பெருமாள்சாமி அண்ணாச்சிக்குத் தங்கச்சி மகன். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைத்த மாதிரிதான். அந்த வார்த்தை வெளியே வருவதற்கு முன்னால் அண்ணாச்சியின் மீன் பார்க்கும் கருவி சரியாக வேண்டியிருந்தது.

அண்ணாச்சி தூண்டில் போட ஆரம்பித்தது டாக்டர் சொல்லித்தான். பிரஷர் ஏறாமல் இருக்க மனதை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்தால் அமைதி வரும். அண்ணாச்சிக்குப் பொருள் வாங்கினால்தான் வரும். ராத்திரி பகலாக வீடியோ பார்த்து, கடைசியில் மூன்று கருவிகளில் வந்து நின்றார். ஒன்று நூறு அடி ஆழம் வரை பார்க்கும், இன்னொன்று நூற்று முப்பது, மூன்றாவது இருநூற்று அறுபது. மோட்டார் வாங்க வருகிற விவசாயச் சம்சாரிகளுக்கு அவர் வழக்கமாகச் சொல்லும் யோசனை, நம்பர் பெரிதாக இருப்பதை எடு என்பது. அதையே தனக்கும் சொல்லிக்கொண்டு மூன்றாவதை வாங்கினார். அவர் தூண்டில் போடும் செல்வகணேஷ் ஊர்க் கண்மாயில், நடுவில் போய் நின்றால் தண்ணீர் இடுப்புக்கு வரும்.

கருவி என்பது கொய்யாப்பழம் அளவில் ஒரு கறுப்பு உருண்டை. நூலில் கட்டித் தண்ணீரில் எறிந்தால் மிதக்கும். கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடியில் இருப்பதையெல்லாம் போன் திரையில் வரைந்து காட்டும்.

சனிக்கிழமை காலை செல்வகணேஷ் கண்மாய்க் கரைக்குப் போனபோது, உருண்டை செத்துப்போய்விட்டது என்று அண்ணாச்சி துக்கம் விசாரிக்க வந்தவர் போல நின்றார். அதன் வயிற்றில் இரண்டு உலோகப் பொட்டுகள் இருந்தன. தண்ணீர் பட்டால் அவை வழியாகத்தான் அதற்கு உயிர் வரும். பொட்டுகளின் மேல் கரிசல் மண் ஓடு மாதிரிக் காய்ந்திருந்தது. சுரண்டித் துடைத்து எறிந்தான், விளக்கு எரிந்தது. அடுத்து, படம் விட்டு விட்டு வருகிறது என்றார். உருண்டையின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டு போன் அதை உதறிவிட்டு சிம்முக்குத் தாவிக்கொண்டிருந்தது. மொபைல் டேட்டாவை அணைத்தான். படம் அறுபடாமல் நிலைத்து நின்றது. படித்தவன் படித்தவன்தான் என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

திரையில் இத்தனை மீன் தெரிந்தும் தூண்டிலில் ஒன்றும் கடிக்கவில்லையே என்றார். செல்வகணேஷ் போனில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தான். உணர்திறன் நூறில் இருந்தது. நாற்பதுக்கு இறக்கினான். மீன்கள் மொத்தமாகக் காணாமல் போயின. மூன்றடித் தண்ணீரும் அடியில் சேறும் மட்டும் மிச்சம்.

"ஏலே, நல்லா இருந்த மெஷின என்ன செஞ்ச?"

"அது மீனு இல்ல அண்ணாச்சி. சேத்துல இருந்து வார கொமிழு. மெஷினுக்குக் கொமிழும் மீனும் ஒண்ணுதான்."

"நாளைக்குக் காலைல சதீசு வாரான், மீனு காட்டுதேன்னு சொல்லியிருக்கேன். எனக்கு மீனு திரும்ப வரணும். அப்பத்தான் ஒன் விசயத்த அவன்ட்டப் பேச முடியும்."

கண்மாய் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐப்பசி மழையில்தான் தண்ணீர் வந்தது. இந்த வருடம் யாரும் குத்தகைக்கு எடுக்கவில்லை, மீன்குஞ்சும் விடவில்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சி யாரிடமும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களிடம் கேட்பது அவருக்குக் கௌரவமாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் செல்வகணேஷ் நடந்ததை அம்மா பொன்மணியிடம் சொன்னான். உண்மையைச் சொன்னது படிப்பா, பிழைக்கத் தெரியாத்தனமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. பொன்மணி அதற்குள் போகவில்லை. அந்தக் குமிழி எங்கே அதிகம் வந்தது என்று மட்டும் கேட்டாள். காலையில் அவள் செம்மறிகளைக் குளிப்பாட்டிய இடத்தில்தான், ஆட்டுக்கால் சேற்றைக் கிளறியதால் வந்தது என்றான்.

"அப்ப ஆடு எறங்குனா மீனு தெரியும்?"

"தெரியும்."

அவள் எழுந்து குட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அண்ணாச்சியின் காரில் சதீஷ்குமாரும் வந்து இறங்கினார். கரையில் நாற்பது செம்மறிகள் ரோமம் சொட்டச் சொட்ட நின்றிருந்தன. நேற்றுக் குளித்த ஆடுகள் இன்றும் குளித்திருந்தன. பொன்மணி சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். செல்வகணேஷ் அம்மாவின் பக்கம் பார்க்காமல் உணர்திறனை நூறுக்கு ஏற்றி உருண்டையை எறிந்தான். திரையில் மீன்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்தன.

அண்ணாச்சிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. பொன்மணியைப் பார்த்து, இந்த வருடம் மீன் கூடுதலோ என்று கேட்டார். அவள் ஒரு தரம் மகனைப் பார்த்தாள்.

"கெடக்கும் அண்ணாச்சி. மெசினு பொய்யா சொல்லும்?"

சதீஷ்குமார் போனைக் கேட்டு வாங்கினார். எதையோ தொட்டார், நூறு என்று இருந்ததைப் பார்த்தார். நனைந்த ஆடுகளைப் பார்த்தார். பிறகு செல்வகணேஷைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல மீனு மாமா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் சதீஷ்குமார். அண்ணாச்சி தூண்டிலோடு உட்கார்ந்ததும் செல்வகணேஷைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அம்மாவா?"

"ஆமா சார்."

"நாளைக்கு சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு சைட்டுக்கு வாங்க. அங்கனயும் மாசம் ஒருதரம் பெரிய ஆளுங்க ஸ்கிரீன் பாக்க வாராங்க. அவங்களுக்கும் நம்பர் பெருசாத் தெரியணும்."

அது பாராட்டா, வசவா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணாச்சி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் மிதவை அசையவில்லை. கருவி பிரமாதம், இரைதான் சரியில்லை, அடுத்த வாரம் வேறு வாங்க வேண்டும் என்றார். பிரஷர் நிச்சயம் இறங்கியிருக்கும்.

கார் போனதும் பொன்மணி மந்தையைத் திருப்பினாள். மகன் பின்னால் வந்தான்.

"ஒன்னயப் படிக்க வச்சதும் இதுகதான்" என்று ஆடுகளைக் காட்டினாள். மிச்சத்தை அவள் சொல்லவில்லை.

ஈர ரோம வாடை செல்வகணேஷின் மூக்கில் ஏறியது. நாளைக்குக் கொண்டுபோகும் பயோடேட்டாவில் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தபடி, கடைசி ஆட்டுக்குப் பின்னால் நடந்தான்.