கருணைக்குக் கை தூக்கியவர்கள்

நான் வேலூரில் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆம்பூர்த் தோல் மண்டிக்காரர் ஒருவரின் மனைவி எங்கள் பெண்கள் வார்டில் கிடந்தார். வயிற்றில் கட்டி, அறுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது. நாடி பிடிக்கப் போனால் முதலில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பார். பிறகு, தண்ணீர் கேட்பதுபோல, "ஒரு ஊசி போட்டு என்னை அனுப்பிடுங்கம்மா. வலி ஜாஸ்தி, பேஜாரா கீது" என்பார்.

இதனால் எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. கேட்பவருக்குக் கொடுப்பதுதான் கருணை என்றது ஒரு பக்கம். ஆண்டவர் கொடுத்த உயிரில் கைவைக்க நாம் யார் என்றது மறுபக்கம். நான் கருணைப் பக்கம். சாப்பாட்டு மேசையிலும் பிணம் அறுக்கும் கூடத்திலும் இதே பேச்சு. கடைசியில் ஒரு சாயங்காலம், வார்டு வராந்தாவில் உட்கார்ந்து கை தூக்கி முடிவெடுத்தோம். கருணை ஜெயித்தது. வலி மருந்தான மார்பியா இருக்கும் அலமாரியின் சாவி வார்டுப் பொறுப்பிலிருந்த டாக்டரம்மாவிடம் இருப்பதும், எங்களை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை என்பதும் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி எல்லாம் கேட்டிருந்த அந்த அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டு, கை தூக்கியவர்கள் யார் யார் என்று கேட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து நான்தான் முதலில் முன்னால் வந்து நின்றேன்.

"இன்னாம்மா, என்னை சாவடிக்கவா உங்க வூட்ல படிக்க அனுப்சாங்க?"

அன்றிலிருந்து எங்கள் கையால் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. மறுத்தவர்கள்தான் எல்லாம் செய்ய வேண்டும். ஆனால் அவர்களிடம் ஊசி கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு ஆத்திரம். அவர்களிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கதவருகில் நின்று கேட்டேவிட்டேன்.

"அவங்க போடமாட்டாங்க. அதான் தைரியமா கேக்கறேன்."

வலி முற்றியபோது டாக்டரம்மாவே வந்து, தூங்குகிற அளவுக்கு மார்பியா போட்டார். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் உயிர் பிரிந்தது. ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்த கணவர், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசம் போகாத கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எங்களை எதிர்த்து மிகக் கடுமையாகப் பேசியவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "அவங்க கேட்டப்பவே போட்டிருக்கலாம்டி" என்றாள்.

கூடவே கூடாது என்று நான் அவளோடு சண்டைக்குப் போனேன்.