விரதத்தில் விழுந்த கோழி

அம்மாவின் கால்களுக்குத் தேய்க்க இன்று காலை தேங்காயெண்ணெயில் மஞ்சள் போட்டுச் சூடாக்கியபோது, அந்த வாசனை என்னைப் பாம்பூ கிராமத்தில் கரும்புத் தோட்டத்தை ஒட்டியிருந்த எங்கள் கொல்லைக்கு இழுத்துப் போனது. அந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன.

காவடிக்குக் கோயிலில் கொடியேறிய அன்றுதான் எங்கள் செவலைக் கோழி கால் மடங்கி விழுந்தது. நேற்றே விழுந்திருந்தால் குழம்பாவது வைத்திருக்கலாம் என்று அப்பா முணுமுணுத்தார். எங்கள் தீவின் கிரியோல் மொழியில் நாங்கள் கரேம் என்று சொல்லும் அந்த விரதம் முடியும்வரை வீட்டில் யாரும் கத்தியைத் தொட முடியாது.

பகலெல்லாம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துவிட்டு வரும் அம்மா, அங்கே கழித்துப்போட்ட ஸ்வெட்டர் துண்டில் தொட்டில் செய்து, கோழியின் கால்கள் மட்டும் மண்ணில் படும்படி மாங்கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். கரும்புத் தோகைகள் சரசரக்கும் மாலைகளில் அதன் கால்களில் இதே எண்ணெயைத் தேய்த்தபடி, ஊறவைத்த அரிசியை ஊட்டியபடி, விரதம் முடிவதற்குள் எழுந்துவிடு என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே இருப்பாள். காவடி இறக்கி விரதம் முடித்து வந்த அப்பா, கோழி கொல்லையில் தள்ளாடி நடப்பதைப் பார்த்துவிட்டு, எடுத்த கத்தியைத் திரும்பக் கூரையில் செருகிவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. அம்மா இனி நடக்கமாட்டாள், நினைவும் கலங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த என் கையை இன்று திடீரென்று பிடித்துக்கொண்டாள்.

"கரேம் ஃபின் ஃபினி?" விரதம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். கண்களில் அவ்வளவு பயம்.

"பாங்கோர், அம்மா," என்றேன். இன்னும் இல்லை.