ஆபரேட்டர் வெட்டிய யானை

கள்ளக்குறிச்சி சினிமாக் கொட்டகையில் அன்று மதிய ஆட்டத்துக்கு இருந்தது ஆபரேட்டர், டிக்கெட் கிழிக்கும் நான், முறுக்கு விற்கும் அம்மா, பெஞ்சில் பதினோரு பேர்.

ஆபரேட்டர் ஒல்லி, காதில் எப்போதும் பிலிம் ஒட்டும் பிரஷ். கார்ட்டூன் படம் வந்தால் சோகக் காட்சியை வெட்டிவிடுவார். "கொயந்தைங்க அழுவும்" என்பார். பிலிம் பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்முன் மறுபடி ஒட்டுவார்.

இந்தமுறை தாய் யானை சாகும் காட்சியை வெட்டியிருந்தார். பெட்டி காலையில்தான் போனது.

"ஒட்டனீங்களாண்ணே? பிலிம் கொறஞ்சா அபராதம் நம்ம தலையிலதான்!" என்றேன்.

"ஒட்டிட்டேன்டா. இன்னாத்துக்கு நடுங்கிக்கினு கீற?"

மதியம் ஓடியது குடும்பப் படம். தாலி கட்டும் நேரத்தில் திரையில் கார்ட்டூன் தாய் யானை செத்தது. பதினோரு பேரும் விசும்பினார்கள்.

மேலே ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். "எந்தப் படத்துல ஒட்டறோம்னு பாக்கலியாண்ணே?"

"எப்டிடா பாக்கறது? மொகத்தத் திருப்பிக்கினுதான் ஒட்டனேன். பாத்தா எனக்கு அழுவ வருது."

பிலிம் குறைந்ததற்கு நாங்கள் சேர்ந்து கட்டும் அபராதத்தில் இன்னும் நாற்பது ரூபாய் பாக்கி.