என்னை மறுத்த மேற்கோள்

அறந்தாங்கியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பக்கத்துக் கடலோர ஊரான கட்டுமாவடியில் வீணாகும் நண்டு ஓட்டை வைத்து உரம், புண்ணாற்றும் மருந்து, குடிநீர்ச் சுத்திகரிப்பு என்று மூன்று துறைகளில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். "எதிலும் ஆழமில்லை" என்பது சக ஆசிரியர்களின் தீர்ப்பு.

குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் கணவருக்கு மட்டும் அதில் பெருமை. என் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று விடுமுறையான வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் பார்ப்பார். ஒரு வெள்ளியன்று போனில் கத்தினார்: "ஏய், தண்ணிக் கட்டுரைக்கு ஒண்ணு கூடியிருக்கு! அம்மாகிட்ட சொல்லிட்டேன், கேசரி கிண்டுறாங்க."

அடுப்படியில் அத்தை ரவை வறுக்கும் வாசம். என்னை மேற்கோள் காட்டிய அந்தப் புதுக் கட்டுரையைத் திறந்தேன். பிரேசிலில் ஒரு பெண் விஞ்ஞானி, உப்புக் கூடிய தண்ணீரில் என் முறை பலிக்காது என்று எழுதியிருந்தார். அதையும் எண்ணிக்கையில் சேர்த்திருந்தார்கள்!

"நான் எழுதுனது தப்புன்னு போட்டிருக்காங்க. கேசரிய நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

அவரோ, "தப்புன்னு சொல்லணும்னா செஞ்சு பாத்திருக்கணும்ல? ஒன்னைய நம்பி அம்புட்டுத் தூரத்துல ஒருத்தங்க நண்டு ஓட்ட அரைச்சிருக்காங்க" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. என்னைப் பாராட்டியவர்கள் ஒரு வரியில் பெயரைத் தொட்டுவிட்டுப் போனவர்கள். கடைசிவரை படித்தவர் இந்தப் பிரேசில்காரர்தான்.

கேசரியைத் தின்றேன். மறுநாளே உப்புத் தண்ணீரில் செய்து பார்த்தேன். அந்த விஞ்ஞானி சொன்னதே சரி. அடுத்த கட்டுரையில் முதல் மேற்கோளாக அவரைக் காட்டினேன். அங்கே அவர் வீட்டிலும் யாராவது, ஒன்று கூடியிருக்கிறது என்று கத்தியிருப்பார்கள்.