பனியா, உப்பா?

மரக்காணத்தில் உபைதுல்லா பாயை ஏமாற்றியவர் ஒருவரும் கிடையாது. இதை ஊர் சொன்னதைவிட அவரே சொல்லிக்கொண்டதுதான் அதிகம். உப்பு வாங்கி லாரியேற்றி அனுப்புவது அவர் தொழில். உப்பளத்துக்குப் போனால் குவியலின் மேலே மின்னுகிற உப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் குவியலுக்குள் விட்டு, உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். மேலே வெள்ளையும் உள்ளே மண் கலந்த கழிவுமாகக் குவித்து வைக்கிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்த மனுஷர் வீட்டில் பிரியாணி வைத்தாலும் அடிவரை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அதைத்தான் அவர் மனைவி மெஹரூன்னிசாவால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை.

சாக்குத் தைக்கிற ஆளாகத் தொடங்கி, தரகராகி, சொந்தக் கிடங்கு கட்டியவர். சந்தேகப்பட்டதால்தான் முன்னுக்கு வந்தேன் என்பார். அது பொய்யும் இல்லை. கூட்டு வியாபாரம், சீட்டு, நிலம் என்று ஊரே மாற்றி மாற்றி ஏமாந்தபோது அவர் மட்டும் முழுசாக நின்றார். அதனால் அந்தக் குணத்துக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அவருக்கு ஒரே மகன், தௌபீக். நன்றாகப் படித்தான். எண்பத்தேழில், ரஷ்யாவுக்குப் போய் டாக்டருக்குப் படிக்க அவனுக்கு உதவித்தொகை கிடைத்தது. இந்த ஊரிலிருந்து துபாய்க்குப் போனவர்கள் உண்டு, சவுதிக்குப் போனவர்கள் உண்டு. எல்லாரும் போனது சம்பாதிக்க. படிக்கப் போகிறேன் என்று ஒருவனும் விமானம் ஏறியதில்லை.

"சும்மா எவனாவது டாக்டருக்குப் படிக்க வைப்பானா? என்னமோ இருக்குது இதுல" என்றார் உபைதுல்லா. மெட்ராஸுக்கு பஸ் ஏறி, கடிதம் அனுப்பிய அலுவலகத்தைக் கண்ணால் பார்த்தார். உள்ளே கேட்டதெல்லாம் போதாமல் எதிரே இருந்த டீக்கடையில், "இந்த ஆபீஸ் ரொம்ப நாளா இங்கதான் இருக்குதா?" என்றும் விசாரித்தார். குறை எதுவும் அகப்படாததில் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் ஊர் திரும்பினார். மகனை அனுப்பிவைத்தார்.

மின்ஸ்க் என்ற ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. முதல் வருடம் பாடமே கிடையாது, பாஷை மட்டும்தான் என்று தௌபீக் எழுதினான். பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவன், அங்கே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ரொட்டிக் கடைக்குப் போய்ப் பேச வாய் வராமல் விரலைக் காட்டி வாங்கி வந்தானாம். எது ஹலால் என்று தெரியாததால் கறியையே விட்டுவிட்டு, அறையில் கூட இருக்கிற ஆப்கன் பையனோடு சேர்ந்து உருளைக்கிழங்கும் சோறும் ஆக்கிக்கொள்கிறானாம். ஜனவரியில் பாஷைத் தேர்வு. அதில் உட்காராதவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் ராப்பகலாகப் படிக்கிறேன், துவா செய்யுங்கள் என்று முடித்திருந்தான். மெஹரூன்னிசா ஒவ்வொரு தொழுகையிலும் அந்தத் தேர்வுக்காக அழுதாள்.

டிசம்பரில் ஒரு போட்டோ வந்தது. நீளமான கறுப்புக் கோட்டு, காதை மூடிய தொப்பி, பின்னால் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் பனி. உபைதுல்லா அதைக் கிடங்குக்கு எடுத்துப் போய் எல்லாரிடமும் காட்டினார். பக்கத்து அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கலியன் வாங்கி, சாய்த்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான்.

"ஏன் பாய், இது நம்ம உப்புக் குமியல் மாதிரி இல்ல இருக்குது?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். உபைதுல்லாவுக்குச் சுருக்கென்றது. "ஏம்பா கலியா, கண்ணு அவிஞ்சி போச்சா? இந்த மழைக்காலத்துல எந்தக் குமியல் திறந்து கிடக்குது? எல்லாத்துக்கும் கீத்து மூடியிருக்குதில்ல?"

"கீத்த எடுத்துட்டுப் புடிச்சிருக்கலாம் பாய்" என்றான் கலியன்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த ஊரில் அந்த விளையாட்டுக்கு ஒரு பழைய கதை இருந்தது. நிஷாத் என்று ஒருவன் மாலை போட்டு சவுதிக்கு வழியனுப்பப்பட்டவன். ஏஜெண்டு பம்பாயிலேயே கைவிட்டுவிட்டான். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, அங்கேயே ஒரு ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டு, சவுதிக்குப் போகிறவர்கள் கையில் கடிதத்தைக் கொடுத்து அங்கிருந்து தபாலில் போடச் சொன்னான். ஒரு வருடம் சவுதி தபால் தலையோடு கடிதம் வந்தது, ஊரும் நம்பியது. நம்பாமல் இருந்த ஒரே ஆள் உபைதுல்லாதான். அதைப் பத்து இடத்தில் சொல்லிப் பெருமையும் பட்டவர்.

இப்போது அதே சந்தேகம் அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் படத்தில் கூட ஒரு ஆளும் இல்லை? ஒரு கட்டடம்கூடத் தெரியவில்லையே? கோட்டு மெட்ராஸில் கிடைக்காத கோட்டா? கடிதத்தில் இருப்பது மகன் கையெழுத்துதான், ஆனால் எங்கே உட்கார்ந்து எழுதினான் என்று யார் கண்டது? போட்டோவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். கையை உள்ளே விட்டுப் பார்க்க வழியில்லை.

"பெத்த புள்ளையவே சந்தேகப்படுறீங்களே, இது அடுக்குமாங்க? அவன் பொய் சொல்லத் தெரியாத புள்ள" என்றாள் மெஹரூன்னிசா.

"நிஷாதோட அம்மாவும் இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தா" என்றார்.

மகன் பொய் சொல்லி எங்கோ தட்டு கழுவுகிறானோ என்ற பயம் அவருக்குள் நிஜமாகவே இருந்தது. அன்புதான் அது. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் வந்த அன்பு.

கடைசியில் ஒரு யோசனை தட்டியது. கடிதத்தை எவன் வேண்டுமானாலும் எடுத்துப் போய்ப் போடலாம். தந்தி அப்படியில்லை. எந்த ஊரிலிருந்து அடித்தார்களோ அந்த ஊர்ப்பெயர் தானாக விழும். மகனிடமிருந்து தந்தி வரவேண்டும். நலமா என்று கேட்டால் கடிதத்தில்தான் பதில் போடுவான். தந்தியில் பதில் வருகிற மாதிரி ஒன்றைக் கேட்க வேண்டும்.

தந்தி அடிக்கும் தட்சணாமூர்த்தி 'அம்மா சீரியஸ்' என்ற வாசகத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்ன பாய், அம்மாவுக்கு சீரியஸா? என்ன ஆச்சு?"

"நெஞ்சு வலி" என்றார் உபைதுல்லா. மனசுக்குள் அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வீட்டில் மெஹரூன்னிசா கல்லாட்டம் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

பதில் அந்த வாரத்திலேயே வந்தது. தட்சணாமூர்த்தி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உபைதுல்லா மூச்சு வாங்க ஓடினார்.

"எந்த ஊர்லருந்துங்க?"

"மின்ஸ்க்னு போட்டிருக்குது."

அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. என் புள்ள பொய் சொல்லல, என் புள்ள அங்கதான் இருக்கான் என்று அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கலியன் முகத்தில் இதைக் காட்ட வேண்டும் என்று கையை நீட்டினார்.

"இருங்க பாய், மீதியக் கேளுங்க. பையன் கிளம்பிட்டானாம்."

நீட்டின கை அப்படியே நின்றது. கிளம்புவான் என்று அவர் நினைக்கவேயில்லை. தேர்வு இருக்கும்போது, அத்தனை தூரத்திலிருந்து, எப்படிக் கிளம்புவான்? அங்கேயே இன்னொரு தந்தி அடித்தார்: அம்மா நலம், வராதே. அதற்குப் பதில் இல்லை. மகனின் பதில் தந்தியையும் யாரிடமும் காட்ட முடியவில்லை. காட்டினால் உயிரோடு இருக்கிற பெண்டாட்டியைச் சாகக் கிடத்தினது வெளியே வரும். வீட்டில் மெஹரூன்னிசா தேர்வுக்காக ஓதிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, முதல் தடவையாக, தட்டைக் கிளறாமல் சாப்பிட்டார். அவள் அதைக் கவனித்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது தந்தி கையில் கிடைத்திருக்கும், நின்றிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தானே அதை நம்பவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள், கிடங்குக்குக் கலியன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"பாய், உன் புள்ள வந்துட்டான். திண்டிவனம் பஸ்ஸுல இறங்கினான். வீட்டுப் பக்கம் போகல. நேரா உங்க கபர்ஸ்தானுக்குப் போய் உக்காந்துக்கினு இருக்கான். கூப்பிட்டாலும் திரும்பல."

உபைதுல்லாவுக்கு உடனே புரிந்தது. இறந்தவர்களை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிற வழக்கம் மகனுக்குத் தெரியும். அம்மா முகத்தைப் பார்க்க முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அத்தனை தூரமும் வந்திருக்கிறான்.

கபர்ஸ்தானில் ஈரம் காயாத கபுர் ஒன்றுதான் இருந்தது. போன வாரம் மண்டிக்காரர் வீட்டில் இறந்துபோன பெண்ணுடையது. அதன் பக்கத்தில், கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, தௌபீக் மண்ணில் உட்கார்ந்திருந்தான். உதடு ஓதிக்கொண்டிருந்தது. இளைத்துப் போயிருந்தான். அத்தாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து தோளில் விழுந்து அழுதான்.

"ஏர்போர்ட்டுலயே ரெண்டு நாள் போயிடுச்சு அத்தா. அம்மா என்னத் தேடினாங்களா?"

உபைதுல்லா அவன் முதுகைத் தடவினார்.

"அம்மா வீட்டுல இருக்கா தம்பி. நல்லா இருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

தௌபீக் தலையை நிமிர்த்தினான். அந்தக் கபுரைப் பார்த்தான், அத்தாவைப் பார்த்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு தடவை, இன்னொரு தடவை சொன்னான். சந்தோஷம் அவன் முகத்துக்கு வந்து, நிற்காமல் போய்விட்டது.

"அப்போ அந்தத் தந்தி?"

"நான்தான் அடிச்சேன்."

"எதுக்கு அத்தா?"

ஊரில் எவனிடமும் பதிலுக்குத் தடுமாறாதவர் மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் மண்ணைப் பார்த்தார். "ஊருல ஒரு மாதிரி பேசினாங்க. நீ அங்கதான் இருக்கியான்னு எனக்குத் தெரியணும்."

தௌபீக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் உபைதுல்லா தாங்கியிருப்பார். கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சின்ன வயதில் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னான்.

"இருந்தேன் அத்தா. நான் எழுதாமலே பரீட்சை நேத்தோட முடிஞ்சிது. இப்ப இல்ல."