மாட்டாஸ்பத்திரிக்குப் போன நட்சத்திர மீன்

வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் நான் வளர்க்கும் நட்சத்திர மீன் நேற்றிலிருந்து அசையவே இல்லை. ஏரியூரில் இதற்கு எங்கே டாக்டர்? தொட்டித் தண்ணீரோடு பக்கெட்டில் எடுத்துக்கொண்டு இன்று காலை மாட்டாஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "தலை எந்தப் பக்கம்ங்க?"

"தலையே கிடையாதுங்க சார்."

"அப்ப நான் எங்கங்க பார்க்கிறது?" என்று பாவமாகக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் பின்னால் நின்ற வெள்ளாடு ஒன்று பக்கெட்டுக்குள் தலையை விட்டு மடமடவென்று குடிக்க ஆரம்பித்தது.

அதை ஓட்டி வந்த அக்கா கத்தினார். "ரெண்டு நாளா எதுலயும் வாயே வெக்காத ஆடுங்க சார்! குடிக்குது பாருங்க!"

நான் ஆட்டின் தாடியைப் பிடித்து இழுத்தேன். கலங்கிய தண்ணீரில் என் மீன் மெல்ல ஒரு கையைத் தூக்கியது. பிறகு பக்கெட்டின் சுவரில் ஏறத் தொடங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. ஆட்டுக்கு நல்ல தண்ணி நெறையக் காட்டுங்க. வூட்டுக்குக் கெளம்புங்க," என்றார் டாக்டர்.

வாசலில் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தண்ணியில ஒரு சொம்பு குடுத்துட்டுப் போ கண்ணு."

உங்கள் வீட்டிலும் தீனி எடுக்காத ஆடு இருந்தால் சொல்லுங்கள். பக்கெட்டில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.