பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு மோடம்

திருச்சியில் லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் முதன்முதலாக இன்டர்நெட்டை இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான்.

பொய். லினக்ஸ் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். ஏதோ மூட்டுவலித் தைலம் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குத் தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, மறுபடி மூடுகிற வேலை. மூடும்போது ஓரிரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். கம்பெனிக்காரன் அநாவசியமாகப் போட்டது என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். படிப்பு எட்டாவது வரை. எட்டாவது வகுப்புக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போய் மேலே விடவில்லை. கடையில் கற்றுக்கொண்ட வித்தை இரண்டு. எந்தக் கோளாறாக இருந்தாலும் அணைத்துவிட்டுப் போடுவது முதலாவது. அதற்கும் மசியவில்லையென்றால் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு "மதர்போர்டா இருக்கும்" என்று சொல்வது இரண்டாவது. அது முதலாளி வைத்திருந்த வித்தை.

கல்யாணத் தரகர் இதையெல்லாம் கூட்டிக் கழித்து "பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டார்.

பெண் வீடு ஸ்ரீரங்கத்தில். பெண்ணின் அப்பா வீட்டு முன்னறையிலேயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறார். விஜயதசமி நல்ல நாள், காலையிலேயே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு துறையூரிலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் புது போர்டு: இன்று முதல் இன்டர்நெட் வசதி. உள்ளே டைப்ரைட்டர்கள் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் பூவுமாக, அவையும் என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் பெட்டியில் ஒட்டியிருந்த பென்குயின் படத்தின் நெற்றியில்கூடக் குங்குமம். பக்கத்தில், போன் லைன் வழியாக இன்டர்நெட்டைப் பிடித்துத் தருகிற, சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு மோடம். புதிதாகச் சேர வந்த பசங்களும் பெண்களும் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"வாங்க தம்பி, வாங்கம்மா, உக்காருங்க," என்றார் பெண்ணின் அப்பா. உட்கார விடவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இன்டர்நெட் வர மாட்டேங்குது. பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போறப்ப எல்லாம் செட் பண்ணிக் குடுத்துட்டுத்தான் போனான். முந்தாநாள் வரைக்கும் கிரீச் கிரீச்சுன்னு கத்திட்டு வந்துடும். நேத்து எல்லாத்தையும் கழட்டி பூஜையில வெச்சேன். காலையில மாட்டிப் போட்டுப் பாத்தா, வாயே தொறக்கல. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். ராகு காலத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சுடணும். நீங்க இன்ஜினியர், உங்களுக்கு இது தூசு."

தூசு என்றவரைக்கும் சரிதான்.

"அவன் கை வெச்சாப் போதுங்க," என்றார் அம்மா பெருமையாக. எங்கள் வீட்டு கிரைண்டரில் நான் கை வைத்த அன்றைக்கு நின்றது, அப்புறம் சுற்றவேயில்லை. அதை அம்மா சொல்லவில்லை.

அதற்குள் பெண் காபி கொண்டுவந்தாள். ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவாகிவிட்டது. இந்தப் பெட்டி கத்தினால் நான் இன்ஜினியர். கத்தாவிட்டால் தரகரின் பொய் சந்திக்கு வந்துவிடும், பழத்தட்டோடு அடுத்த துறையூர் பஸ்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கறுப்புத் திரை. ஓரத்தில் இருக்க வேண்டிய ஸ்டார்ட் பட்டனைக் காணோம். ஆள் பார்க்காவிட்டால் மேசைக்கு அடியிலும் தேடியிருப்பேன்.

"இது என்ன வேற மாதிரி இருக்கு?"

"லினக்ஸ்ங்க," என்றாள் அவள். "அண்ணன் போட்டது. வைரஸ் வராதாம்."

"ஓ, லினக்ஸா," என்றேன், எங்கள் தெருக்காரர் பெயரைக் கேட்ட மாதிரி.

டயல் செய்வதற்கு அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்த வார்த்தையை அவளே அடித்தாள். திரையில் நாலைந்து வரி இங்கிலீஷ் ஓடி நின்றது. மோடம் மூச்சுவிடவில்லை. முதல் வித்தை: அணைத்தேன், போட்டேன். மறுபடி அதே வரிகள், அதே அமைதி. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன்.

"மதர்போர்டா இருக்கும்ங்க."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்போ இன்னிக்கு ஆகாதா தம்பி?" என்று வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தார். கடையில் இதைச் சொல்லிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம். கேட்டவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் குனிந்து திரையைப் படித்தாள். "நோ டயல்டோன்னு போட்டிருக்கு. போன் லைன்ல சத்தம் வரலைன்னுதானே அர்த்தம்?"

திரை தானாகவே காரணத்தைச் சொல்லும் என்பது எனக்குச் செய்தி. நான் அதுவரை எந்தத் திரையையும் படித்ததில்லை. படம் பார்த்து அமுக்குகிற ஜாதி.

"அதேதான்," என்றேன். "மதர்போர்டுக்கு முன்னாடி அதைத்தான் பாக்கணும்."

மோடத்திலிருந்த போன் வயரை உருவி, மேசையில் சும்மா இருந்த டெலிபோனில் செருகினாள். ரிசீவரை என் காதில் வைத்தாள். கொர்ரென்று டோன் கேட்டது.

"லைன் இருக்கு, வயரும் நல்லா இருக்கு," என்றாள். "அப்போ பாக்கி இருக்கறது இது மட்டும்தான்."

மோடத்தைத் திருப்பி, வயர் செருகுகிற ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே மஞ்சளாக ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. முகர்ந்தேன். சந்தனம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பாதான்," என்று கிசுகிசுத்தாள். "முன்பக்கம் லைட் மறைஞ்சுடக் கூடாதுன்னு பின்பக்கம் பொட்டு வெச்சிருக்காரு."

வைத்த பொட்டு ராத்திரி முழுக்கக் காய்ந்திருக்கிறது. காலையில் அதன் மேலேயே வயரை அழுத்திச் செருகியிருக்கிறார். மாமனாராக வரப்போகிறவரிடம், அதுவும் விஜயதசமி அன்று, உங்கள் பூஜைதான் இன்டர்நெட்டை அடைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? எட்டாவதுக்கும் அந்த அளவு புத்தி உண்டு.

"சொல்லிடாதீங்க," என்றாள். "அபசகுனம்னு போர்டையே கழட்டிடுவாரு."

"மதர்போர்டுன்னே சொல்லிடட்டுமா?"

"அதுக்குச் சந்தனமே பரவால்ல."

பெண் பார்க்கப் போனவர்கள் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் பேசுவார்களாம். நாங்கள் பேசியது இவ்வளவுதான். எனக்கு இது போதுமாக இருந்தது.

கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, அவள் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஹேர்பின்னால் மெதுவாகச் சுரண்டினேன். அவள் டார்ச் பிடித்தாள், முதுகால் அப்பாவின் பார்வையை மறைத்துக்கொண்டாள். மஞ்சள் பொடி என் வெள்ளைச் சட்டையெல்லாம் உதிர்ந்தது.

"என்னடா சட்டையில?" என்றார் அம்மா.

"தூசிம்மா."

"மணக்குதேடா."

"ஸ்ரீரங்கத்துத் தூசிம்மா."

எல்லாவற்றையும் மாட்டி, மறுபடி டயல் செய்தாள். மோடம் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. அப்புறம் கிரீச், கொர், கிரீச் என்று அலறியது பாருங்கள், அந்த மாதிரி இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெஞ்சில் இருந்த பசங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கனெக்ட் ஆகிவிட்டது.

பெண்ணின் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் இங்கே திரை படுத்துவிட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னம்மா, போன்ல யாரோ ஊளையிடறாங்க?"

அதே லைனில் உள்ளே இன்னொரு போன் இருந்தது.

"அப்பா, போனை வைங்க. நீங்க எடுத்தா இங்க கட்டாயிடும்."

"கனெக்ஷன் வந்துடுச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்ல வேணாமா?"

"அந்தக் கனெக்ஷனைத்தான்பா இப்ப அறுத்தீங்க. வைங்க, மெயில்லயே சொல்லிக்கலாம்."

இன்னொரு அலறல். இந்தத் தடவை நின்றது. அவள் அண்ணனுக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தாள். அவள் அப்பா வந்து என் தோளில் கை போட்டார்.

"என்னதான் ஆச்சு?"

"சின்ன அடைப்புங்க. எடுத்தாச்சு."

"படிச்சவங்க படிச்சவங்கதான். எந்தக் காலேஜ் மாப்பிள்ளை?"

தம்பி போய் மாப்பிள்ளை வந்துவிட்டது. அம்மா பழத்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீபோர்டுச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை, ஆனால் காது முழுக்க என் பக்கம்தான் இருந்தது. பொய் சொன்னால் இப்போதே தாம்பூலம் மாற்றிவிடலாம். உண்மையைச் சொன்னால் பஸ். நான் வாயைத் திறந்து...

"ஏங்க, நெட் போயிடுச்சு. நம்ம பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ் ஓடிட்டிருந்தது."

"ரௌட்டரை அணைச்சுப் போட்டியா?"

"போட்டாச்சு. மதர்போர்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நேத்து அப்பா எல்லாத்துக்கும் பூஜை போட்டாருல்ல, பின்பக்கம் பாருங்க." தலையிலிருந்து பின்னை எடுத்துவிட்டாள். "எழுதினது போதும், எட்டாங்கிளாஸ் இன்ஜினியரே, எந்திரிங்க. மெதுவா வாங்க. அப்பா ஹால்லதான் உக்காந்திருக்காரு, காதுல விழுந்துடப் போகுது."